கார்ட்டிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் வரை: பந்தய ஓட்டுநருக்கான வழிகாட்டி

கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியில் முதன்முதலாக ஏறும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மனத்தில் இருப்பது ஃபார்முலா 1 தான். 2026-இல் அங்கே மொத்தமே 22 இருக்கைகள். பிரான்ஸ் நாட்டில் நடக்கும் லெ மான் 24 மணி நேர ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் அண்மை ஆண்டுகளில் 62 கார்கள் வரிசையில் நின்றன. காருக்கு மூன்று பேர் என்றால் 186 ஓட்டுநர்கள். அது ஒரே ஒரு பந்தயம். உலகெங்கும் நடக்கும் ஜிடி3, ஜிடி4 (சாலைக் கார்களிலிருந்து உருவான பந்தயக் கார்கள்), எல்எம்பி (பந்தயத்துக்கென்றே கட்டிய கார்கள்) தொடர்களையும் சேர்த்துப் பார்த்தால், பந்தயம் ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவர்களில் மிகப் பலர் ஸ்போர்ட்ஸ் காரில்தான் இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

ஆகவே ஸ்போர்ட்ஸ் காரை, ஃபார்முலாவில் தோற்றவர்கள் ஒதுங்கும் இடமாக நினைக்காமல் முதலிலிருந்தே இலக்காக வைத்துத் திட்டமிடுங்கள். லெ மானை 9 முறை வென்ற டாம் கிறிஸ்டென்சனும் கார்ட்டில் தொடங்கி, 1991-இல் ஜெர்மன் ஃபார்முலா 3 பட்டம் வென்று, 1997-இல் தன் முதல் லெ மானிலேயே வென்றவர். ஃபார்முலா 1 பந்தயம் ஒன்றில்கூட அவர் ஓட்டியதில்லை.

முதல் கார்ட்டை வாங்கும்போது

புதிய சேஸி (அடிச்சட்டம்) வேண்டாம். முதல் ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆண்டு பழைய சேஸியும், ரோட்டாக்ஸ் மேக்ஸ் போல சீல் வைத்த 125 சிசி இன்ஜினும் போதும். சீல் வைத்த இன்ஜினில் யாரும் உள்ளே கைவைக்க முடியாது. இன்ஜின்களுக்கு இடையே வித்தியாசம் சுருங்கி ஓட்டுநரின் குறை நேராகத் தெரியும். பராமரிப்பும் குறைவு. ‘ஓகே’, ‘கேஇஸட்’ என்று பெயரிட்ட போட்டி வகை இன்ஜின்களில் சில மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை பிஸ்டன் மாற்ற வேண்டியிருக்கும். தொடக்கத்தில் அந்தச் செலவில் இறங்காதீர்கள், அந்தப் பணத்தை டயருக்கும் பயிற்சி நாளுக்கும் செலவிடுங்கள்.

பழைய சேஸியைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். அடிக்குழாய், டிராக் ஓரத்து மேடான கெர்ப்பில் உரசி உரசித் தட்டையாகியிருந்தால் அங்கே சுவர் மெலிந்து, வளையும் தன்மை மாறிப்போயிருக்கும். வெல்டு இணைப்புகளில், குறிப்பாக ஆக்ஸில் பேரிங் தாங்கிகளுக்கு அருகிலும் சீட் தாங்கிகளின் அடியிலும், பெயின்ட் முடிபோல விரிந்திருக்கிறதா என்று தேடுங்கள், அது விரிசல். பின் ஆக்ஸிலைக் கையால் சுழற்றி அதன் நுனியைக் கவனியுங்கள். நுனி வட்டமடித்து ஆடினால் ஆக்ஸில் வளைந்திருக்கிறது.

கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. சேஸியே ஸ்பிரிங், சீட் அந்த ஸ்பிரிங்கின் ஒரு பகுதி. அளவு பெரிய சீட்டில் பஞ்சு வைத்து அடைத்து ஓட்டும் பழக்கம் இரண்டு வகையில் கெடுக்கும்: உடல் நழுவி விலா எலும்பில் அடி விழும், ஓட்டுநரின் எடை சேஸிக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். இடுப்பு இரண்டு பக்கமும் பிடித்து, ஸ்டீரிங்கின் மேல்புறத்தைப் பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கியிருக்கும் சீட்டுதான் சரி. ஓட்டுநரோடு நான்கு தராசுகளில் நிறுத்திப் பாருங்கள். முன்பக்கம் 40 முதல் 43 சதவீதம், மீதி பின்பக்கம், இடமும் வலமும் கிட்டத்தட்டச் சமம் என்று வர வேண்டும். வராவிட்டால் சீட்டை நகர்த்துங்கள். அதன் பிறகும் போதாமல் இருந்தால் மட்டும் ஈயக்கட்டியால் சரிசெய்யுங்கள்.

விலா காப்புக் கவசம் இல்லாமல் ஒரு சுற்றுகூட வேண்டாம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, வளரும் கழுத்துக்கு ஏற்ற எடை குறைந்த சிஎம்ஆர் தர ஹெல்மெட் இருக்கிறது. கார்ட் உடை தரையில் தேய்வதைத் தாங்க மட்டுமே நெய்யப்பட்டது, தீயைத் தாங்காது. காருக்குப் போகும்போது அதைக் கொண்டுபோக முடியாது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்

செயின்: மேல்பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. இறங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் பேரிங் சூடாகி சக்தியைத் தின்னும். தளர்ந்தால் கெர்ப்பில் ஏறும்போது கழன்றுவிடும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை நேரான பட்டை வைத்துப் பாருங்கள், கண்ணளவு போதாது.

டயர் காற்று: உலர்ந்த டிராக்கில் குளிர்ந்த நிலையில் 0.6 முதல் 1.0 பார் வரை, டயருக்கும் வெயிலுக்கும் ஏற்ப. எண்ணை மனப்பாடம் செய்வதைவிட அறிகுறியைப் படிக்கப் பழகுங்கள். முதல் மூன்று சுற்று வேகமாகப் போய், பிறகு நான்கு சக்கரமும் வழுக்கினால் அழுத்தம் அதிகம். ஓட்டம் முடியும் நேரத்தில்தான் பிடிப்பு வருகிறது என்றால் குறைவு. மாற்றம் 0.05 பார் அளவில் போதும்.

இன்ஜின்: தண்ணீர் சூடேறும் முன் முறுக்கினால் பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டரின் பாதியை டேப்பால் மூடி, தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டும்வரை அரைத் த்ராட்டிலில் ஓட்டுங்கள். பிஸ்டன் பிடித்துக்கொள்வதில் இன்னொரு வகை நேர்ப்பாதையின் முடிவில் வரும். கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு எகிறும். இன்ஜினின் சத்தம் மெலிந்து, வேகம் கூடாமல் நிற்கும். அந்தக் கணமே த்ராட்டிலை விடுங்கள். டயாஃப்ரம் கார்புரேட்டர் உள்ள இன்ஜின் என்றால் ஏர்பாக்ஸின் வாயை ஒரு நொடி உள்ளங்கையால் மூடினால் பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்பட்டு, அதோடு வரும் எண்ணெயும் பிஸ்டனைக் காப்பாற்றும். பெட்ரோலில் 2-டி எண்ணெயின் விகிதம் இன்ஜினுக்கு இன்ஜின் வேறு. தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தை அளவுக் குவளையில் அளந்து கலக்குங்கள். குத்துமதிப்பாக ஊற்றியதால் போன இன்ஜின்கள் ஏராளம்.

கார்ட்டில் கற்றே தீர வேண்டியது

கார்ட்டின் பின் ஆக்ஸில் ஒரே கம்பி, இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் இல்லை. வளைவில் உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலும்போது வண்டி நேராகப் போகவே முயலும். திரும்ப வேண்டுமானால் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரக் கோணங்களால் உள்பக்க முன்சக்கரம் கீழே அழுத்தப்பட்டு, உள்பக்கப் பின்சக்கரம் எழுகிறது. கார்ட் ஓட்டும் கலை முழுவதும் இதில் இருக்கிறது: அந்தச் சக்கரம் எப்போது எழ வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதை இடுப்பால் உணர்வது.

பிரேக்கை நேர்க்கோட்டில் பலமாக அழுத்துங்கள். கியர் இல்லாத கார்ட்டுகளில் பிரேக் பின்னால் மட்டும் என்பதால், திருப்பிக்கொண்டே அழுத்தினால் பின்பக்கம் முந்திக்கொண்டு வந்துவிடும். பிரேக்கை விடும் கடைசித் தருணத்தில் ஸ்டீரிங்கை ஒரே அசைவில், தயங்காமல் திருப்புங்கள். சக்கரம் எழுந்து வண்டி திரும்பியதும் ஸ்டீரிங்கை உடனே நேராக்கத் தொடங்கினால் சக்கரம் இறங்கும், இன்ஜின் இழுக்கும். ஸ்டீரிங்கைத் தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தால் முன் டயர் உரசி ஆர்பிஎம் (இன்ஜினின் சுழற்சி வேகம்) விழும். 125 சிசி இன்ஜினில் அப்படி விழுந்த ஆர்பிஎம்மை அடுத்த வளைவு வரை திரும்பப் பெற முடியாது.

முன்பக்கம் திரும்ப மறுக்கிறது என்றால் முதல் சந்தேகம் உங்கள் கையின் மேல் இருக்கட்டும்: மெதுவாகத் திருப்பினால் சக்கரம் எழாது. கை சரியாக இருந்தும் திரும்பாவிட்டால் முன்பக்க அகலத்தை ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. கூட்டுங்கள், அல்லது காஸ்டரை (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை) ஒரு படி ஏற்றுங்கள். மழையில் முன்பக்கத்தை விரித்து, பின்பக்கத்தைக் குறுக்கி, காஸ்டரைக் கூட்டி, டயர் காற்றையும் கூட்டுவது வழக்கம். பிடிப்பு குறைந்த தரையில் அந்தச் சக்கரத்தை எழுப்பக் கூடுதல் உதவி தேவை. எப்போதும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து சுற்று, குறிப்பேட்டில் ஒரு வரி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருபோதும் தெரியாது.

கைகள் மரத்துப்போவது பெரும்பாலும் பலவீனத்தால் அல்ல, ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிப்பதால். நேர்ப்பாதையில் விரல்களைத் தளர்த்தும் பழக்கம் முதல் மாதத்திலேயே வர வேண்டும்.

ஜூனியரில் இரண்டு பருவம், சீனியரில் ஒன்று அல்லது இரண்டு. அதற்கு மேல் கார்ட்டில் தங்குவது கோப்பைகளைத் தரலாம்; காருக்கான பணத்தைக் கரைக்கும்.

ஃபார்முலா 4: அவசியமா?

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் ஃபார்முலா 4, 2014-இல் தொடங்கியது, குறைந்தபட்ச வயது 15. கார் 160 முதல் 180 குதிரைத்திறன். அதற்கு மேல் ஃபார்முலா ரீஜனல் 270, ஃபார்முலா 3 380, ஃபார்முலா 2 620 குதிரைத்திறன் அளவில். ஒவ்வொரு படிக்கும் செலவு பெருகுகிறது, இடம் குறைகிறது.

எங்கள் கணிப்பில், ஒரு பருவ ஃபார்முலா 4 நல்ல முதலீடு. ஏபிஎஸ் இல்லாத பிரேக், இறக்கை தரும் அழுத்தம், காரில் பதிவான டேட்டாவை இன்ஜினியரோடு பார்ப்பது, இந்த மூன்றையும் அதைவிடத் தெளிவாக எந்தக் காரும் கற்றுத் தராது. இரண்டாம் பருவத்தை முன்வரிசையில் இருக்கும் அணி அழைத்தால் மட்டும் யோசியுங்கள். ஃபார்முலா ரீஜனலின் நடுவரிசையில் ஓர் ஆண்டு ஓட்டும் பணம், ஜிடி4-இல் போட்டித்தன்மையுள்ள ஒரு முழுப் பருவத்துக்கு உதவும். அந்தப் பணம் தீர்ந்த பிறகு ஜிடி பக்கம் திரும்புகிறவர்களே அதிகம்; வெறுங்கையோடு வருகிறவருக்கு அங்கேயும் கதவு மெதுவாகத்தான் திறக்கிறது.

லைசென்ஸைப் பொறுத்தவரை, தேசிய லைசென்ஸில் தொடங்கி முடித்த பந்தயங்களின் சான்றோடு சர்வதேசப் படிகளில் ஏற வேண்டும். ஒவ்வொரு பந்தயத்திலும் முடிவுப் பட்டியலின் நகலை எடுத்து வையுங்கள். பிற்பாடு கேட்டு வாங்குவது பெரும்பாடு. மூன்று ஆண்டில் 40 புள்ளி என்கிற சூப்பர் லைசென்ஸ் கணக்கு ஃபார்முலா 1-க்கு உரியது, ஸ்போர்ட்ஸ் காருக்குத் தேவையில்லை. அதற்காகத் தொடர்களைத் தேர்ந்தெடுத்து ஓடாதீர்கள்.

ஒரே மாதிரிக் கார் பந்தயம்

போர்ஷே கரேரா கப், லம்போர்கினி சூப்பர் ட்ரோஃபியோ போன்ற தொடர்களில் எல்லாரிடமும் ஒரே கார். தயாரிப்பு நிறுவனத்தின் கண்ணில் படுவதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை. நியூசிலாந்தின் ஏர்ல் பாம்பர் கார்ட்டிலும் ஃபார்முலா பிஎம்டபிள்யூவிலும் ஓட்டியவர்; 2013-இல் கரேரா கப் ஆசியா, 2014-இல் போர்ஷே சூப்பர்கப், 2015-இல் லெ மான் வெற்றி என்று மூன்றே ஆண்டில் ஏறினார். ஃபார்முலா ஏணியில் அந்த வேகம் யாருக்கும் எளிதில் வாய்க்காது.

போர்ஷே தொடர்களில் ஓடும் 911 கப் காரில் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. முன்பக்கம் இலகு. பிரேக்கைச் சட்டென விட்டால் முன் டயரின் மேலிருந்த எடை பின்னால் ஓடி, வண்டி நேராகப் போய்விடும். வளைவின் உள்முனை நெருங்கும்வரை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வர வேண்டும். ஏபிஎஸ் இல்லாமல் ஓட்டும்போது விடுவது தாமதமானால் உள்பக்க முன்சக்கரம் பூட்டி, டயர் ஓரிடத்தில் தட்டையாகத் தேயும். அதன் பிறகு ஒவ்வொரு பிரேக்கிலும் அதே இடமே மீண்டும் பூட்டும். இந்தக் காரை ஓட்டக் கற்றவருக்கு மற்ற ஜிடி கார்கள் இலகுவாகிவிடும்.

ஜிடி காரில் மறக்க வேண்டியது

கார்ட்டும் ஓட்டுநரும் சேர்ந்து 160 கிலோ அளவு. ஜிடி3 கார் மட்டுமே ஏறத்தாழ 1,300 கிலோ, 500-க்கும் மேல் குதிரைத்திறன். கார்ட்டில் கை அசைந்த கணமே வண்டி பதில் சொல்லும். காரில் முதலில் டயர் வளைய வேண்டும், பிறகு ஸ்பிரிங் அமுங்க வேண்டும், அப்புறம்தான் வண்டி திரும்பும். கார்ட்டிலிருந்து வருகிறவர் அந்த இடைவெளியைப் பொறுக்காமல் இன்னும் கொஞ்சம் திருப்புவார். கார் திரும்பத் தொடங்கும்போது ஸ்டீரிங் கோணம் தேவைக்கு மேல் இருக்கும், முன் டயர் வெந்துபோகும். தீர்வு, மெல்லத் திருப்பி ஒரு மூச்சு காத்திருப்பது.

பிரேக்கில் நேர்மாறான தவறு நடக்கும். ஏபிஎஸ் இருப்பதால் முதல் அழுத்தம் முழு பலத்தோடு விழ வேண்டும். சக்கரம் பூட்டிவிடும் என்ற கார்ட் காலத்துப் பயத்தில் தடவித் தடவி அழுத்துகிறவர் ஒவ்வொரு வளைவிலும் பத்து மீட்டரை இழப்பார். ஆனால் திருப்பும்போதும் அதே பலத்தில் மிதித்து ஏபிஎஸ்ஸை வேலை செய்யவிட்டால் கார் நிற்கும், திரும்பாது. டேட்டாவில் நல்ல பிரேக் கோடு செங்குத்தாக ஏறி, உச்சத்தில் சிறிது நின்று, வளைவுக்குள் சரிவாக இறங்கும். உங்கள் கோடு கூரையைப் போல இருபுறமும் சரிந்திருந்தால் நேரம் போகும் இடம் அதுதான். ட்ராக்ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் இரண்டுக்கும் ஸ்டீரிங்கில் எண்ணிட்ட குமிழ்கள் உண்டு. முதல் நாளில் அணி வைத்த எண்ணிலேயே விடுங்கள். டயர் தேயத் தேய ஒவ்வோர் எண்ணாக மாற்றுவதை அப்புறம் பழகலாம்.

முதல் சோதனை நாளைச் செலவிட ஒரு நல்ல வழி:

முதல் அமர்வில் 8 அல்லது 10 சுற்று மட்டும். பிட் (டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் நிறுத்தும் இடம்) வேகக் கட்டுப்பாட்டுப் பொத்தான், ரேடியோ, மழைவிளக்கு இவற்றைக் கண்ணால் பார்க்காமல் தொடத் தெரிய வேண்டும். பிரேக் அடையாளங்களை 20 மீட்டர் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அமர்வுக்கு முன் அணியின் வேகமான ஓட்டுநரின் டேட்டாவோடு உங்கள் சுற்றை ஒப்பிட்டு, அதிக நேரம் போகும் இரண்டே வளைவுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் மட்டும் வேலை செய்யுங்கள். மூன்றாவது அமர்வு முழு டேங்க் பெட்ரோலோடு 20 சுற்று. இங்கே பார்க்க வேண்டியது வேகமான சுற்றை அல்ல, சுற்றுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை. அரை நொடிக்குள் அடங்கினால் நல்ல தொடக்கம். கடைசி அமர்வில் புதிய டயர். ஜிடி டயரின் உச்சம் பெரும்பாலும் இரண்டாவது முதல் நான்காவது சுற்றுக்குள் வந்துபோகும். அதைத் தவறவிடுகிறவர் தகுதிச் சுற்றில் பின்வரிசையில் நிற்பார்.

சிமுலேட்டர் டிராக்கின் வரிசையையும் பிட் நடைமுறையையும் கற்கப் பயன்படும். பிரேக் மிதியின் உணர்வை அதில் நம்ப வேண்டாம்.

நீள்தூரப் பந்தயத்தின் தனிக்கலைகள்

ஓட்டுநர் மாற்றம் பல பந்தயங்களைத் தீர்மானிக்கிறது. நுழைகிறவரும் இறங்குகிறவரும் ஒரே வரிசையைப் பின்பற்ற வேண்டும். இறங்குகிறவர் கார் நின்றதும் ஜன்னல் வலையை அவிழ்த்து, ரேடியோ கம்பியையும் குடிநீர்க் குழாயையும் கழற்றி, பெல்ட்டைத் திறந்து, தோள் பெல்ட்டுகளை வெளியே தள்ளி, தன் சீட் அச்சை எடுத்துக்கொண்டு வெளியேறுவார். நுழைகிறவர் முதலில் இடுப்பு பெல்ட்டை இழுப்பார், பிறகு தோள் பெல்ட்டை. வரிசை மாறினால் தோள் இறுகிய பிறகு இடுப்பில் தளர்வு தங்கிவிடும்; மோதலில் உடல் பெல்ட்டின் அடியில் நழுவும். கழுத்துக் காப்பான் எஃப்எச்ஆரின் மேல் தோள் பெல்ட் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதை உதவுகிறவர் கையால் தொட்டு உறுதி செய்ய வேண்டும். பந்தய வாரத்துக்கு முன் குறைந்தது முப்பது முறை ஒத்திகை பாருங்கள், பாதியை இருட்டில்.

சீட் அச்சு: ஒரே காரில் உயரமானவரும் குட்டையானவரும் ஓட்டுவதால், ஒவ்வொருவருக்கும் நுரை ஊற்றி வார்த்த தனி அச்சு உண்டு. வார்க்கும்போது பந்தய உடையும் எஃப்எச்ஆரும் அணிந்து, கால் பிரேக் மிதியின் மேல் இருக்க, முழு பலத்தோடு அழுத்தியபடி உட்காருங்கள். சாய்ந்து இளைப்பாறியபடி வார்த்த அச்சு பந்தயத்தில் முதுகை உடைத்துவிடும்.

டயர் சூடாக்கியைத் தடை செய்த தொடர்கள் பல. பிட்டிலிருந்து வெளியேறும் முதல் சுற்றில்தான் நல்ல ஓட்டுநர்களும் சுவரில் மோதுகிறார்கள். குளிர்ந்த டயரில் பிடிப்பு குறைவு என்பதால், நேர்க்கோட்டில் பிரேக்கை அழுத்தி டயருக்கும் டிஸ்க்குக்கும் சூடேற்றுங்கள். வளைவில் பொறுமையாக இருங்கள்.

வேகமான வகைக் கார் பின்னால் வரும்போது உங்கள் பாதையை விட்டு விலகாதீர்கள். எங்கே போவீர்கள் என்று அவர் ஊகிக்க முடிந்தால் போதும். கடந்துபோகும் பொறுப்பு அவருடையது. வழிவிடுகிறேன் என்று நடுவழியில் திடீரென ஒதுங்குவதுதான் மோதலுக்குக் காரணமாகிறது. நேரத்தைக் குறைவாக இழக்க, வளைவின் நடுவில் அல்லாமல் வெளியேறும் நேர்ப்பாதையில் அவர் கடக்குமாறு வேகத்தைச் சற்று முன்னதாகவே சரிசெய்யுங்கள்.

மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டக்கூடும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். ஓட்டத்துக்கு முந்தைய நாளே உப்பும் தண்ணீரும் ஏறியிருக்க வேண்டும். லெ மானில் ஒருவர் எந்த 6 மணி நேரத்திலும் 4 மணி நேரத்துக்கு மேல், மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இடைவேளையில் தூங்கத் தெரிவதும் ஒரு திறமை, அதற்கும் பயிற்சி வேண்டும்.

புரோன்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம்

ஃபார்முலா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எஃப்ஐஏ ஒவ்வொரு ஓட்டுநரையும் வயது, வெற்றி, அனுபவம் பார்த்து, அடியில் புரோன்ஸ் முதல் உச்சியில் பிளாட்டினம் வரை நான்கு தரங்களில் வைக்கிறது. அணிகள் காரை நிரப்புவது இந்தத் தரங்களைக் கொண்டே. 2024-இல் உலக நீள்தூரத் தொடரில் வந்த எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் குறைந்தது ஒரு புரோன்ஸ் ஓட்டுநர் கட்டாயம். பல கார்களில் செலவைத் தாங்குகிறவர் அந்தப் புரோன்ஸ் ஓட்டுநர். சம்பளம் வாங்குகிறவர் கோல்டு அல்லது பிளாட்டினம். நடுவில் நிற்கும் சில்வர்தான் இளம் ஓட்டுநரின் வாசல். கோல்டின் வேகத்தில் ஓட்டும் சில்வருக்கு எந்த அணியிலும் மதிப்பு உண்டு. ஃபார்முலாவில் பெரிய பட்டங்களை வென்றுவிட்டு வந்தால் நேராகக் கோல்டு கிடைக்கலாம். அப்போது, பேர்பெற்ற நிறுவன ஓட்டுநர்களோடு ஒரே இருக்கைக்குப் போட்டியிட நேரும். தரம் மாறும் முன் உங்களை நிரூபிக்க எத்தனை பருவம் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுத் தொடரைத் தேர்ந்தெடுங்கள்.

புரோன்ஸ் ஓட்டுநருக்குப் பயிற்சி அளிக்கத் தெரிந்தவர் வேலையில்லாமல் இருப்பதில்லை. அவருடைய டேட்டாவைப் பொறுமையாக விளக்கி, அவர் சுற்றில் ஒரு நொடி குறைக்க உதவினால், அடுத்த பருவம் எந்த அணிக்குப் போனாலும் அவர் உங்களையும் அழைப்பார். பலருடைய முதல் வருமானம் இந்த வழியில்தான் வருகிறது.

கையெழுத்துப் போடும் முன்

ஒப்பந்தத்தில் எத்தனை சோதனை நாட்கள், பந்தயத்துக்கு எத்தனை செட் புதிய டயர், சக ஓட்டுநரின் டேட்டா உங்களுக்குத் திறந்திருக்குமா, பந்தயம் ரத்தானால் பணம் என்னாகும், உடையிலும் காரிலும் உங்கள் ஸ்பான்சருக்கு எந்த இடம், இவை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன சோதனை நாட்கள் மழையிலும் பழுதிலும் காணாமல் போகும்.

எல்லாவற்றுக்கும் மேல் சேதப் பிரிவைப் படியுங்கள். மோதலில் காருக்கு வரும் செலவில் எவ்வளவு வரை உங்களுடையது என்பதற்கு உச்சவரம்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். யாருடைய தவறு என்பதை யார் முடிவு செய்வார், கியர்பாக்ஸும் இன்ஜினும் அந்தக் கணக்கில் சேருமா, சோதனை நாளில் நடக்கும் மோதலுக்கும் அதே வரம்பா என்று கேளுங்கள். வரம்பு இல்லாத ஒப்பந்தத்தில் ஒரே ஒரு மோதல் அடுத்த பருவத்துக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். விபத்துக் காப்பீடு எடுப்பதானால் சோதனை நாட்களும் அதில் அடங்குகின்றனவா என்று பாருங்கள், பாலிசி முதல் சோதனை நாளுக்கு முன்பே கையில் இருக்கட்டும். புதிய காரைக் கற்கும் அந்த நாளில்தான் மோதலுக்கு வாய்ப்பு அதிகம்.